வந்த ஒளி, வராத உறைபனி

2024 மே 10, வெள்ளிக்கிழமை. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரம் ஏற்கெனவே குஷியில் இருந்தது. மூன்று நாளைக்கு முன்புதான் ஊர்க் கால்பந்து அணி பாரிஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்குள் நுழைந்திருந்தது. வியாழக்கிழமை இயேசு விண்ணேற்றத் திருநாள் விடுமுறை. வெள்ளிக்கும் லீவு போட்டு நான்கு நாள் ஓய்வில் இருந்தவர்கள் ஏராளம். அன்றிரவு நன்றாக இருட்டிய பிறகு வானம் சிவந்தது. தங்கள் அணியின் மஞ்சளையும் கறுப்பையும் தவிர வேறு நிறத்தை லேசில் கொண்டாடாத டோர்ட்மண்ட் மக்கள், தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜெர்மனியின் வடகடல் கரையிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரம் வரை அன்று துருவ ஒளி தெரிந்தது. பல இடங்களில் அடிவானத்தோடு நிற்காமல், தலைக்கு மேலேயே கதிர்கள் குவிந்தன. ஆனால் வெறுங்கண்ணுக்குச் சாம்பல் பூத்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, கைபேசித் திரையில் கொழுந்துவிட்டு எரிந்தது. மங்கிய ஒளியில் பார்வை தருபவை விழித்திரையின் கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. சிவப்பு ஒளியை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. கேமராவுக்கு இந்தக் குறை கிடையாது. சில விநாடிகள் ஒளியைச் சேர்த்துக்கொண்டால் அதற்குச் சிவப்பும் சிவப்புதான். மறுநாள் உலகம் முழுக்கச் சுற்றிய படங்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து பார்ப்பது நல்லது.

துருவ ஒளி என்றால் பயண நிறுவனங்களின் விளம்பரத்தில் தவறாமல் வரும் படம் வேறு. உறைந்த ஏரி, அதில் ஒரு துளை, துளைக்குள் தூண்டில் விட்டுக் குந்தியிருக்கும் ஆள், அவர் தலைக்கு மேல் பச்சைத் திரை. அந்தப் படத்தின் மேல்பாதி மட்டும் மே மாதத்தில் டோர்ட்மண்டைத் தேடி வந்தது. கீழ்ப்பாதி வரவில்லை, ஜனவரியிலும் அது லேசில் வருவதில்லை. வடக்கே போகப் போக இரண்டும் கிடைக்கும், டோர்ட்மண்ட் அவ்வளவு வடக்கே இல்லை என்று பதில் சொல்லிவிடத் தோன்றும். உலகப்படத்தை எடுத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

டோர்ட்மண்ட் இருப்பது 51.5 டிகிரி வடக்கில். கனடாவின் வின்னிபெக் 49.9 டிகிரியில், அதாவது டோர்ட்மண்டைவிடத் தெற்கே. ஆனால் வின்னிபெக்காரர்களுக்குத் துருவ ஒளி அத்தனை அபூர்வமில்லை. ஊருக்கு வடக்கே பரந்து கிடக்கும் வின்னிபெக் ஏரியில் குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கிறார்கள். தெற்கே உள்ள ஊருக்கு இரண்டும் உண்டு, வடக்கே உள்ள ஊருக்கு இரண்டும் லேசில் கிடைப்பதில்லை. இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று பூமியின் காந்தம், இன்னொன்று அட்லாண்டிக் கடல்.

காந்தத்தை முதலில் பார்க்கலாம். பூமியின் காந்த அச்சு, பூமி சுழலும் அச்சிலிருந்து ஒன்பது டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறது. வடக்கில் அது வெளியே வருவது கனடாவின் எல்ஸ்மியர் தீவுப் பக்கம். துருவ ஒளி சுற்றி எரியும் வளையம் இந்தக் காந்தத் துருவத்தைத்தான் மையமாகக் கொள்ளும். அதனால் காந்தக் கணக்கில் வின்னிபெக் டோர்ட்மண்டைவிடக் குறைந்தது ஆறு டிகிரி, அதாவது 650 கிலோமீட்டருக்கும் அதிகமாக, வடக்கே போய்விடுகிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு இந்தச் சாய்வு ஒரு சலுகை. ஐரோப்பாவும் ஆசியாவும் அதில் நஷ்டப்பட்டவை.

சூரியனிலிருந்து கிளம்பும் துகள்கள் நேராக வந்து துருவத்தில் மோதி ஒளிர்கின்றன என்ற பாடப்புத்தக விளக்கம் இன்னமும் தமிழில் புழங்குகிறது. அது முக்கால்வாசி தவறு. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுத்துவிடுகிறது. அந்த வாலில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும் காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும். அப்போது வாலில் இருக்கும் எலக்ட்ரான்கள் பூமியை நோக்கி உந்தப்பட்டு, வழியில் இன்னும் முடுக்கம் பெற்று, காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு மேல் வளிமண்டலத்தில் இறங்குகின்றன. ஆக, துருவ ஒளியைத் தூண்டும் எலக்ட்ரான்கள் பூமியின் பின்பக்கத்துச் சேமிப்பிலிருந்து வருகின்றன. சூரியன் செய்வது அந்தச் சேமிப்பை நிரப்புவதும் குலுக்குவதும்.

2024 மே மாதக் குலுக்கல் சாதாரணமானதல்ல. 3664 என்று எண்ணிடப்பட்ட சூரியப்புள்ளிக் கூட்டம் பூமியின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு அகலத்துக்கு வளர்ந்திருந்தது. அது சில நாட்களுக்குள் அடுத்தடுத்து வீசிய பொருள்மேகங்களில், பின்னால் வந்தவை முன்னால் போனவற்றை வழியிலேயே எட்டிப்பிடித்துச் சேர்ந்து பூமியைத் தாக்கின. புவிக்காந்தப் புயல் அளவுகோலின் உச்சமான ஜி5 நிலை, 2003 அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் மறுபடி எட்டப்பட்டது. அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டுதலை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் தடம் தவறின. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலமும் இந்தப் புயலைப் பதிவுசெய்தது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய கலம் அது.

நிறங்களுக்கு வருவோம். வழக்கமான பச்சை, ஆக்சிஜன் அணுவிலிருந்து 557.7 நானோமீட்டரில் வருவது. நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஆரம்பிக்கும். அதே ஆக்சிஜன் 630 நானோமீட்டரில் சிவப்பையும் தரும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். பச்சைக்காகக் கிளர்ச்சியடைந்த அணு ஒரு விநாடிக்குள் ஒளியை விட்டுவிடும். சிவப்புக்கான அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் தேவை. அந்த இரண்டு நிமிடத்துக்குள் இன்னோர் அணுவோ மூலக்கூறோ மோதிவிட்டால் ஆற்றல் அதற்குப் போய்விடும், ஒளி பிறக்காது. மோதல் குறைந்த 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மெல்லிய காற்றில்தான் சிவப்புக்கு வாழ்வு.

இந்த உயர வித்தியாசம்தான் டோர்ட்மண்டின் சிவப்பு வானத்துக்கு விளக்கம். காவிரிச் சமவெளியில் தூரத்துக் கோயிலின் கலசம் தெரியும், மதில் தெரியாது. அதுபோல, பூமியின் வளைவு ஒளித்திரையின் அடிப்பகுதியை மறைத்து உச்சியை மட்டும் காட்டும். நூறு கிலோமீட்டர் உயரத்துப் பச்சை, சுமார் 1,100 கிலோமீட்டர் தூரம் வரைக்கும்தான் அடிவானத்துக்கு மேல் நிற்கும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பு 1,900 கிலோமீட்டரைத் தாண்டியும் தெரியும். நார்வேயின் டிரோன்ட்ஹெய்ம் நகரம் டோர்ட்மண்டிலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர். அங்கே தலைக்கு மேல் பச்சை ஆடும் இரவில், டோர்ட்மண்டில் அதிர்ஷ்டம் இருந்தால் வடக்கு அடிவானத்தில் ஒரு சிவப்புப் பூச்சு தெரியலாம். மே 10 அன்று வளையமே ஜெர்மனிவரை விரிந்து வந்ததால்தான் காட்சி தலைக்கு மேல் ஏறியது. அதே இரவில் லடாக்கின் ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமராக்களிலும் ஒளி விழுந்தது. அங்கே வெறும் சிவப்புதான். இந்தியாவுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல: 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயில் துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு உண்டு.

இனி கீழ்ப்பாதி, உறைந்த நீர்.

டோர்ட்மண்டின் ஹோர்டே பகுதியில் ஃபீனிக்ஸ் ஏரி இருக்கிறது. 24 ஹெக்டேர், மூன்று நான்கு மீட்டர் ஆழம். 2001 வரை அந்த இடத்தில் எஃகு ஆலை இயங்கியது. ஆலையைப் பிரித்துச் சீனாவுக்கு விற்றுவிட்டு, பள்ளம் தோண்டி, 2010 அக்டோபரில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். உலை எரிந்த இடத்தில் இப்போது பாய்மரப் படகு போகிறது. சுற்றி நடக்கப் பாதை, கரையோரம் விலை கூடிய வீடுகள். ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத இப்படியோர் ஏரி உறைவதற்கு மிகத் தோதானது. ஆனால் உறைவதும் ஆளைத் தாங்குவதும் வேறுவேறு.

நீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிகவும் கனமாக இருக்கும். குளிர்காலம் நெருங்கும்போது மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடிநீர் மேலே வரும். ஏரி முழுக்க 4 டிகிரிக்கு வந்ததும் இந்தப் புரளல் நின்றுவிடும். அதற்கும் கீழே குளிரும் நீர் லேசாகி மேலேயே தங்கி உறையும். பனிக்கட்டி உருவாகும்போது மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால் கனஅளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது, கட்டி மிதக்கிறது. அடியில் இருக்கும் 4 டிகிரி நீரில் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். நீர் மற்றப் பெரும்பாலான திரவங்களைப்போலக் கீழிருந்து மேலாக உறைந்தால் பனித்துளை மீன்பிடி என்று ஒன்று இருக்காது. பிடிக்க மீனும் இருக்காது.

முதல் தோல் படிந்த பிறகு வளர்ச்சி மந்தமாகிவிடும், ஏனென்றால் பனிக்கட்டியே கீழ்நீருக்குப் போர்வையாகிறது. வியன்னாவில் பணியாற்றிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான், வடதுருவப் பயணக் குழுக்கள் அளந்துவந்த எண்களை வைத்து 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு விதி கண்டார். தடிமன், குளிரின் கூட்டுத்தொகைக்கு நேராக வளராது. அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தது என்பதை நாள்தோறும் கூட்ட வேண்டும். அந்தத் தொகையின் வர்க்கமூலத்தை இரண்டால் அல்லது இரண்டரையால் பெருக்கினால், ஏரிகளுக்கு உத்தேசமாகச் சென்டிமீட்டர் கணக்கு வந்துவிடும்.

ஜெர்மன் உயிர்காப்புச் சங்கமான டிஎல்ஆர்ஜி, தேங்கிய நீரில் குறைந்தது 15 சென்டிமீட்டர், ஓடும் நீரில் 20 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் பனியில் கால் வைக்கலாம் என்கிறது. கணக்கைப் போட்டால், 15 சென்டிமீட்டருக்கு ஒரு வாரம் முதல் பத்துப் பதினொரு நாள் வரை, பகலும் இரவும் சேர்ந்த சராசரி மைனஸ் 5 டிகிரியிலேயே நிற்க வேண்டும். டோர்ட்மண்டின் ஜனவரி சராசரி பூஜ்ஜியத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரி. வின்னிபெக்கின் ஜனவரி சராசரி மைனஸ் 16-ஐ ஒட்டியது. அந்த ஒரு மாதம் மட்டுமே அரை மீட்டர் பனிக்கட்டிக்குப் போதும். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பை மேற்குக் காற்று ஐரோப்பாவுக்குள் சுமந்து வருகிறது. வின்னிபெக் கண்டத்தின் நடுவில் கிடக்கிறது, அதற்குக் கடலின் தயவு கிடையாது.

2021 பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தில் டோர்ட்மண்ட் இருக்கும் ரூர் பகுதியைக் கடுங்குளிர் பிடித்தது. குளங்கள் வெள்ளையாயின. உடனே பனியில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கைகளும் வந்தன. சில நாளில் காற்று திரும்பிவிட்டது. அந்தப் பகுதித் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த தண்ணீர், பக்கத்து ஊரான ஹம்மில் காமாட்சி அம்பாள் கோயிலை ஒட்டியுள்ள கால்வாய். திருவிழாத் தீர்த்தமாடல் அதில்தான் நடக்கிறது. கடுங்குளிரில் இத்தகைய கால்வாய்கள் உறைந்தாலும், கப்பல் போக்குவரத்துக்காகப் பனியுடைக்கும் படகுகள் கட்டியைக் கீறிக்கொண்டே இருக்கும். அந்தப் பனியை ஒருநாளும் நம்பக் கூடாது. ஜெர்மனியின் தெற்கு எல்லையிலுள்ள போடன் ஏரி முழுவதுமாக உறைந்தது கடைசியாக 1963-இல்தான். அந்த ஆண்டு பிறந்தவர்கள் இன்று ஓய்வூதிய வயதை நெருங்கிவிட்டார்கள்.

டொரொண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் சப்னா ஷர்மாவும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, வடகோளத்தில் சுமார் 14,800 ஏரிகள் இப்போதே எல்லாக் குளிர்காலத்திலும் உறைவதில்லை. உலகம் 2 டிகிரி சூடேறினால் இந்த எண்ணிக்கை 35,300 ஆகும். ஜப்பானின் சுவா ஏரி உறையும் நாளை ஷின்டோ குருமார்கள் 1443 முதல் எழுதிவந்திருக்கிறார்கள். அண்மைக் காலப் பக்கங்களில் உறையவில்லை என்ற குறிப்பு பெருகிவிட்டது.

டோர்ட்மண்ட்காரர்கள் பனிக்கட்டியில் துளையே போடுவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் தென்துருவத்தின் ஐஸ்கியூப் ஆய்வகத்தில் பங்காளிகள். அங்கே வெந்நீரைப் பீய்ச்சி 86 துளைகளை இரண்டரைக் கிலோமீட்டர் ஆழம் வரை உருக்கி, 5,160 உணரிகளைச் சரம் சரமாக இறக்கி உறையவிட்டார்கள். ஃபீனிக்ஸ் ஏரி நிரம்பத் தொடங்கிய அதே 2010-இன் டிசம்பரில் அந்த வேலை முடிந்தது. அங்கே பிடிப்பது நியூட்ரினோ என்ற நுண்துகள்களை. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதால் காந்தக் கோடு அதைத் துருவத்துக்கு இழுத்துப் போகிறது. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை, எந்தக் காந்தமும் அதை வளைக்காது, வந்த திசை மாறாமல் வரும். 2023 ஜூனில் நியூட்ரினோக்களால் ஆன முதல் பால்வீதிப் படத்தை இந்த ஆய்வகம் வெளியிட்டபோது, தரவிலிருந்து சமிக்ஞையைப் பிரித்தெடுத்த இயந்திரக் கற்றல் முறையில் டோர்ட்மண்ட் குழுவின் பங்கு பெரிது. ஆறு மாத இரவில் ஆய்வகத்தைக் காக்கும் இருவர் தலைக்கு மேல் தென்துருவ ஒளி ஆடும். விளம்பரப் படத்துக்கு இதைவிட நெருக்கமான டோர்ட்மண்ட் உதாரணம் கிடையாது.

சரி, உண்மையான மீனுக்குத் திரும்புவோம். ராத்திரியில் ஏன் தூண்டில் போட வேண்டும்? வானத்து ஒளிக்காக மட்டும் என்றால் அது சுற்றுலா. மீன் பக்கமும் காரணம் இருக்கிறது. வின்னிபெக் ஏரியின் புகழ்பெற்ற வாலாய் மீனும், டோர்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயில் தூண்டில்காரர்கள் தேடும் சாண்டர் மீனும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுக்காரர்கள். இரண்டின் விழித்திரைக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது. பூனைக்கண் இரவில் மின்னுவதும் இத்தகைய படலத்தால்தான். பகலில் வேட்டையாடும் பெர்ச் மீன் அந்திக்குப் பிறகு பார்வை இழந்து ஒதுங்கும் நேரம், இவற்றுக்கு விருந்து. இன்னும் விநோதமானது குவாப்பே என்று ஜெர்மானியர் சொல்லும் மீன். காட் மீன் வரிசையில் முழுக்க நன்னீரில் வாழ்வது இது ஒன்றே. தாடையில் ஒற்றை மீசை, இரவு நடமாட்டம், மற்ற மீன்கள் சோம்பிக் கிடக்கும் நடுக்குளிரில் பனிக்கட்டியின் அடியில் முட்டையிடும் வழக்கம். டோர்ட்மண்டுக்கு வடக்கே ஓடும் லிப்பே ஆற்றில் அருகிப்போன இந்த மீனைக் காப்பாற்றப் பல ஆண்டுகளாக முயற்சி நடக்கிறது.

துருவ ஒளி மீனைக் கலைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. துருவ ஒளியின் பிரகாசத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படி பால்வீதி அளவு மங்கல். நான்காவது படி முழுநிலவு அளவு வெளிச்சம், அது அபூர்வம். பனிக்கட்டியின் மேல் வெண்பனி படிந்திருந்தால் பகல் வெளிச்சமே பெரும்பகுதி தடுக்கப்பட்டுவிடும். இந்த மங்கலான ஒளி மீனிடம் போய்ச் சேர வழியே இல்லை. அந்த வெண்பனி வேறொரு வேலை செய்கிறது: வெளிச்சமில்லாமல் நீர்ப்பாசிகள் ஒளிச்சேர்க்கையை நிறுத்த, ஆழமற்ற ஏரிகளில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் கூட்டமாகச் சாவதுண்டு. இரவில் தொந்தரவு செய்வது மனிதனின் நெற்றி விளக்கு, அதுவும் மீனைவிட மனிதனையே. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு முறை வெள்ளை விளக்கைப் போட்டால் அத்தனையும் வீண். சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வது வழக்கம். கோல் செல்களுக்குச் சிவப்பு தெரியாத குறை இங்கே உதவிக்கு வருகிறது.

விளம்பரப் படத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் டோர்ட்மண்ட்வாசிக்குத் தோதானது ஸ்வீடனின் வடகோடி. அபிஸ்கோ கிராமத்தின் முன்னால் டோர்னேட்ராஸ்க் ஏரி எழுபது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மேற்கு மலைகள் மேகத்தின் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் அபிஸ்கோவுக்கு மேல் வானம் அடிக்கடி திறந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் சிறு மரக்குடில்களைப் பனிக்கட்டியின் மேல் இழுத்துவந்து நிறுத்தி, குடிலின் தரையிலுள்ள துவாரத்தின் வழியே ஆர்க்டிக் சார் மீனுக்குத் தூண்டில் போடுகிறார்கள். உள்ளே அடுப்பு எரியும். அனுமதிக்கான விதி நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் மீன்பிடி உரிமத்துக்குப் பரீட்சை எழுத வேண்டும். நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்வதும் அதில் அடக்கம். ஸ்வீடனை அடுத்த ஃபின்லாந்தில் பனித்துளையில் எளிய தூண்டில் போடுவது பெரும்பாலான நீர்நிலைகளில் எல்லாருக்கும் உள்ள பொது உரிமை. பரீட்சையும் இல்லை, கட்டணமும் இல்லை.

எந்த மாதம் போவது என்பதில் பயண நிறுவனங்கள் டிசம்பரையே தள்ளிவிடப் பார்ப்பார்கள். இயற்பியல் மார்ச்சைச் சொல்கிறது. பனிக்கட்டி பல மாதக் குளிரைச் சேர்த்துத் தடித்திருக்கும், பகலில் வெளிச்சம் இருக்கும், இரவும் இன்னும் இருட்டாகவே இருக்கும். சம இரவு நாட்களை ஒட்டிப் பூமியின் காந்தச் சாய்வு சூரியக் காற்றின் காந்தப்புலத்தோடு எளிதில் பிணையும் நிலைக்கு வருவதால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் காந்தப் புயல்கள் கூடுகின்றன. இதற்கான விளக்கத்தை 1973-இல் கொடுத்தவர்கள் கிறிஸ்டோஃபர் ரஸ்ஸலும் ராபர்ட் மெக்ஃபெரனும். செப்டம்பரில் ஏரி உறைந்திருக்காது. மிஞ்சுவது மார்ச், அதுவும் அமாவாசையை ஒட்டிய வாரம்.

டெஸ்ஸாவ் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிக் ஷ்வாபே, 1826 முதல் சூரியப்புள்ளிகளை எண்ணி எண்ணி, அவை ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1843-இல் அறிவித்தார். இப்போதைய சுழற்சி 2024-இல் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் பெரும் வெடிப்புகள் குறையும். ஆனால் சூரியனின் கொரோனா துளைகளிலிருந்து வரும் வேகக் காற்று, சூரியன் ஒரு சுற்று முடிக்கும் 27 நாளுக்கு ஒருமுறை பூமியைத் தொட்டுப்போகும். அது எழுப்பும் சிறு புயல்கள் அபிஸ்கோ வானத்துக்குத் தாராளமாகப் போதும். டோர்ட்மண்டை எட்ட அவற்றுக்குத் தெம்பு கிடையாது.